கையால் செய்யும் பிறந்தநாள் விழா: குட்டிக் குழந்தைக்கு எந்தத் தீம் பொருந்தும்?

ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பிறந்தநாள் வருகிறது. பெரிய செலவு வேண்டாம், அலங்காரத்தை நாமே செய்துவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. அடுத்த கேள்வியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்: எந்தத் தீம்? மஞ்சள், நீலம் என்று ஒரு நிறத்தைப் பிடித்துக்கொள்வதா, விலங்குகளா, கார், லாரி, ரயிலா, இல்லை குழந்தைக்குப் பிடித்த கார்ட்டூனா? படங்களில் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. எது நம் கைக்குள் அடங்கும், எது கடைசி இரவு இரண்டு மணி வரை இழுத்தடிக்கும் என்பது படத்தில் தெரியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக் குழந்தை சுவரை அதிகம் பார்ப்பதில்லை. தரையில் கிடப்பதும் கைக்கு எட்டுவதும்தான் அதன் உலகம். அதனால் நம் உழைப்பில் பெரும்பங்கு குழந்தை தொட்டு விளையாடும் பொருளுக்குப் போக வேண்டும். விளையாட்டுப் பொருளே அலங்காரமாகவும் நின்றுவிட்டால் பணமும் மிச்சம், தூக்கமும் மிச்சம். இந்தப் பார்வையோடுதான் நான்கு வழிகளையும் எடைபோடுகிறேன். வீட்டு நிலைமை மாறினால் முடிவும் மாறும், அதையும் அங்கங்கே சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது?

கைச்செலவு. கையால் செய்தால் மலிவு என்பது பாதி உண்மைதான். காகிதம் மலிவு. ஆனால் கட்டர், பசை, போஸ்டர் கலர், மாஸ்கிங் டேப், கலர் பிரிண்ட் எல்லாம் புதிதாக வாங்க வேண்டியிருந்தால் கணக்கு வேறு. ஆறு தாள் தேவைப்படும் இடத்தில் ஐம்பது தாள் கட்டாகத்தான் கிடைக்கும். அதனால் தீம் முடிவு செய்வதற்கு முன்பே அலமாரியைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

நேரம். மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைவிட, அந்த நேரம் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். குழந்தை விழித்திருக்கும்போது கத்தரிக்கோலையும் கட்டரையும் குளூ கன்னையும் திறந்து வைக்க முடியாது. வெட்டும் வேலை எல்லாம் இரவில்தான். வீடு பெருக்குவதும் சாப்பாட்டு ஏற்பாடும் எப்படியும் கடைசி நாளில் வந்து விழும். ஆகவே ஒவ்வொரு தீமிலும் எவ்வளவு வேலையை ஒரு வாரம் முன்பே முடித்து, தட்டையாக அடுக்கி, பரண் மேல் ஏற்றிவிடலாம் என்று பாருங்கள்.

பாதுகாப்பு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் எதுவாக இருந்தாலும் வாய்க்குத்தான் போகும் என்று வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். பொம்மைகளைச் சோதிக்க 3.17 செ.மீ. விட்டமுள்ள ஒரு உருளை பயன்படுகிறது. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது என்பது கணக்கு. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழாயை எடுத்துப் பாருங்கள். அது கொஞ்சம் அகலம் என்பதால் நமக்கு இன்னும் நல்லது. அதற்குள் நழுவி விழுவது எதுவும் குழந்தை எட்டும் இடத்தில் வேண்டாம். ஒட்டுக் கண்கள், பாசிமணி, பட்டன், குண்டூசி, ஸ்டேப்ளர் பின், எல்லாமே இதில் விழுந்துவிடும்.

ரப்பர் பலூன் தனிக் கதை. வெடித்த துண்டு வாய்க்குள் போனால் மூச்சுக்குழலில் அப்படியே படிந்து அடைத்துக்கொள்ளும், முதுகில் தட்டினாலும் எளிதில் வெளியே வராது. ஊதாத பலூனும் அதே ஆபத்துதான். 8 வயதுக்குக் கீழ் கவனம் என்று பல பலூன் பொட்டலங்களிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கும். பலூன் வேண்டும் என்றால் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் கட்டுங்கள், எத்தனை கட்டினீர்கள் என்று எண்ணி வையுங்கள், வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்குங்கள்.

இன்னொன்று, பேட்டரி மெழுகுவர்த்தி, மின்னும் கிரீடம், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை. இவற்றுக்குள் பெரும்பாலும் பட்டன் பேட்டரிதான் இருக்கும். அதைக் குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். திருகாணி போட்டு மூடாத பேட்டரிப் பொருள் எதுவும் இந்த விழாவுக்கு வேண்டாம். தண்ணீரில் ஊறி ஊதிப் பெருகும் ஜெல் மணிகளும் அப்படித்தான். விழுங்கினால் குடலுக்குள் பெருகி அடைத்துவிடும்.

குழந்தைக்கு என்ன கிடைக்கிறது. சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள், கூடி விளையாடுவது மெல்லத்தான் வரும். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு இணை விளையாட்டு என்று பெயர் கொடுத்தார். வட்டமாக நிற்க வைத்து நடத்தும் போட்டிகள் இந்த வயதில் எடுபடாமல் போவது அதனால்தான். ஆளுக்கொன்று கையில் கிடைக்கிற மாதிரித் தீம் அமைந்தால் பாதிச் சண்டை வராது.

விழா முடிந்த பிறகு. குப்பைக் கூடைக்குப் போவது எவ்வளவு, அடுத்த மாதமும் குழந்தை விளையாடுவது எவ்வளவு? இதையும் கணக்கில் சேருங்கள்.

## முதல் வழி: ஒரே நிறம்

எல்லாவற்றிலும் வேலை குறைந்த வழி இதுதான். ஒரு நிறத்தையும் அதோடு வெள்ளையையும் எடுத்துக்கொள்கிறீர்கள். மேஜை விரிப்பு, தலையணை உறை, துப்பட்டா, வாளி, கிண்ணம், பந்து என்று வீட்டில் ஏற்கெனவே அந்த நிறத்தில் இருப்பதை எல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தாலே பாதி அலங்காரம் முடிந்தது. சார்ட் பேப்பரில் முக்கோணங்கள் வெட்டி நூலில் ஒட்டினால் கொடித் தோரணம் தயார். வரையத் தெரிய வேண்டாம். எல்லாம் தட்டையான வேலை என்பதால் இரண்டு வாரம் முன்பே முடித்து ஒரு கவருக்குள் போட்டு வைக்கலாம். விருந்தினர் எத்தனை பேர் வந்தாலும் வேலை பெரிதாக அதிகரிக்காது, இது பலர் கவனிக்காத நல்ல விஷயம்.

மறைந்திருக்கும் செலவு எங்கே? முதலில், சாயல். ஒரு கடையில் வாங்கிய மஞ்சளும் இன்னொரு கடையின் மஞ்சளும் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. அதைச் சரிசெய்யப் போய் தட்டு, டம்ளர், நாப்கின் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கத் தூண்டும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது: ஆரம்பத்திலேயே இளசிலிருந்து அடர்த்தி வரை மூன்று சாயல்களை வேண்டுமென்றே கலந்துவிடுங்கள். அப்போது எதுவும் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்காது. இரண்டாவது, இந்தத் தீம் பலூனைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. பலூனை எடுத்துவிட்டால் அறை வெறிச்சோடிப் போகிறதே என்று தோன்றும். அந்த இடத்தைக் காகித விசிறிகள் நிரப்பும். தாளை முன்னும் பின்னுமாக மடித்து, நடுவில் கட்டி, இரு பக்கமும் விரித்து ஒட்டினால் போதும். மூன்றாவது, கிரேப் பேப்பர். ஈரம் பட்டால் சாயம் விடும். எச்சில் ஒழுகும் குழந்தையின் கையிலும் சட்டையிலும் சுவரிலும் கறை ஏறிவிடும். அதை உயரத்தில் மட்டும் மாட்டுங்கள்.

குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், ஒரு வயதில் ஒன்றும் பெரிதாக இல்லை என்றுதான் சொல்வேன். இரண்டு, இரண்டரை வயதில் நிலைமை மாறும். நிறத்தின் பெயர் சொல்லத் தெரியாத குழந்தைக்குக்கூட ஒரே நிறப் பொருள்களைச் சேர்த்து வைக்கப் பிடிக்கும். இரண்டு வாளிகள், இரண்டு நிறங்களில் கை கொள்ளாத அளவுள்ள பந்துகள், அவ்வளவுதான் விளையாட்டு. வாளியில் போடுவதும் கவிழ்ப்பதும் திரும்பப் போடுவதுமாகவே நேரம் போய்விடும். அந்த வாளிகளையே மேஜைக்கு முன்னால் அலங்காரமாக வைத்துவிட்டால் இந்தத் தீமின் பெரிய குறை தீர்ந்துவிடும்.

எப்போது இது சரி: குழந்தைக்கு முதல் பிறந்தநாள், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், அல்லது பெரியவர்கள் அதிகம் வரும் விழா.

## இரண்டாவது வழி: விலங்குகள்

பேச்சு வரத் தொடங்கும் வயதில் குழந்தைகள் சொல்லும் முதல் சொற்களில் விலங்குச் சத்தங்களுக்குத் தனி இடம் உண்டு. நாய் எப்படிக் கத்தும், மாடு எப்படிக் கத்தும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு இந்தத் தீம் உடனே புரியும். விழாவுக்கு வந்த மற்றக் குழந்தைகளுக்கும் புரியும், யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் துணிப் பொம்மைகளே அலங்காரம். சோபா ஓரத்தில், புத்தக அலமாரியில், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் என்று அவற்றை உட்கார வைத்தாலே காடு வந்துவிடும்.

வரையத் தெரியாதே என்று தயங்குகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. ஒரு வட்டம் வெட்டுங்கள். மேலே இரண்டு சின்ன வட்டம் ஒட்டினால் கரடி, நீளக் காது ஒட்டினால் முயல், முக்கோணம் ஒட்டினால் பூனை, அதன்மேல் கறுப்புக் கோடு போட்டால் புலி. நான்கு முகங்கள் போதும். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, முதலை என்று ஆசை ஆசையாகப் பட்டியல் வளரும். அங்கேதான் நேரம் கரையத் தொடங்கும். நான்கைத் தாண்டாதீர்கள் என்று வலியுறுத்தியே சொல்கிறேன்.

இலைகள் இன்னொரு பொறி. காடு என்றால் பச்சை வேண்டும், பச்சை என்றால் நூறு இலை வேண்டும் என்று தோன்றும். ஒவ்வொன்றாக வெட்டினால் இரண்டு இரவு போய்விடும். தாளை நான்கு மடிப்பாக மடித்து ஒரே வெட்டில் நான்கு இலை எடுங்கள். பழைய செய்தித்தாளை முறுக்கினால் கொடி. கடையில் விற்கும் பிளாஸ்டிக் இலைத் தோரணத்தைக் கையில் எடுத்தீர்கள் என்றால் சிக்கனக் கணக்கு அத்தோடு முடிந்தது.

முகமூடியைப் பற்றி ஒரு வார்த்தை. முகம் மறைந்தால் பல சின்னக் குழந்தைகள் பயந்துவிடுவார்கள். தெரிந்த மாமா முகமூடி போட்டு வந்தாலும் அழுகைதான். குழந்தைக்குப் போட்டுவிட்டால் உடனே பிய்த்து எறியும், எலாஸ்டிக் கழுத்தில் மாட்டும் ஆபத்தும் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் காதுப் பட்டை செய்யுங்கள். இரண்டு வயதில் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 47, 48 செ.மீ. இருக்கும். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ., ஆகவே இரண்டு பட்டைகளை ஒட்டினால் சுற்றி மடிப்பதற்கும் சேர்த்துச் சரியாக வரும். ஸ்டேப்ளர் அடிக்காமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இழுத்தால் கழன்றுவிட வேண்டும், அதுதான் நல்லது. சில குழந்தைகள் தலையில் எதையும் வைத்துக்கொள்ளவே மாட்டார்கள். விட்டுவிடுங்கள், அம்மாக்கள் போட்டுக்கொள்ளட்டும்.

மறைந்த செலவு பெரும்பாலும் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் விலங்குகளில் இருக்கிறது. கேக்கின் மேல் வைக்கவும் ரிட்டர்ன் கிஃப்ட் பையில் போடவும் என்று பொட்டலமாக விற்பார்கள். பெரும்பாலானவை அந்த அட்டைக் குழாய்க்குள் விழும் அளவுதான். தரையில் காலடித் தடம் ஒட்டும் யோசனை அழகானது, ஆனால் ஓரம் தூக்கிய காகிதத்தில் ஓடும் குழந்தை வழுக்கும். நான்கு பக்கமும் டேப் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

எப்போது இது சரி: ஒன்றரை முதல் இரண்டரை வயது, வெவ்வேறு வயதில் குழந்தைகள் வருகிறார்கள், வீட்டில் துணிப் பொம்மைகள் நிறைய உண்டு. ஒரு மாதம் முன்பே தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகச் செய்ய நினைப்பவர்களுக்கும் இது தோதானது, ஏனென்றால் விலங்கு மீதான பிரியம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

## மூன்றாவது வழி: அட்டைப்பெட்டி வண்டிகள்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை. காரணம் எளியது. அறை நடுவில் வரிசையாக நிற்கும் பெட்டி ரயில்தான் அலங்காரம், அதுவேதான் விளையாட்டு, உட்காரும் இடமும் அதுதான். குழந்தை உள்ளே ஏறும், இறங்கும், பொம்மையை ஏற்றும், தள்ளும். வேறு நிகழ்ச்சி எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை.

பெட்டிக்குப் பணம் தேவையில்லை, ஆனால் பொறுக்கி எடுக்க வேண்டும். சுத்தம் செய்யும் ரசாயனம் வந்த பெட்டி, எண்ணெய்க் கறை பட்ட பெட்டி, நாற்றம் வரும் பெட்டி எதுவும் வேண்டாம். நாள்கணக்கில் கிடந்த பெட்டியின் இடுக்குகளில் கரப்பான் முட்டை இருக்கலாம், பிரித்து உதறிப் பாருங்கள். மூடியில் அடித்திருக்கும் இரும்புப் பின்களை ஒன்று விடாமல் பிடுங்குங்கள். ஒரு மாதம் முன்பே சேர்க்கத் தொடங்கி, பிரித்துத் தட்டையாக்கிக் கட்டில் அடியில் வைத்தால் இடமும் அடைக்காது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. பக்கச் சுவர் குழந்தையின் முழங்கால் உயரத்துக்குமேல் இருந்தால் தானாக ஏறி இறங்க முடியாமல் கவிழும். ஏறும் பக்கத்தைத் தாழ்வாக வெட்டுங்கள். அட்டைக்கு நடுவே இருக்கும் நெளிவுகள் மேலும் கீழுமாக ஓடினால் சுவர் விறைப்பாக நிற்கும், படுக்கையாக ஓடினால் சாய்ந்துவிடும். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும் அளவுக்குக் கூராக இருக்கும், அதனால் ஓரம் முழுவதும் மாஸ்கிங் டேப்பை மடித்து ஒட்டிவிடுங்கள். சக்கரத்துக்குக் காகிதத் தட்டு போதும். சுழல வேண்டும் என்று இரு கால்கள் விரியும் ஸ்ப்ளிட் பின் குத்தாதீர்கள், பசை போட்டு ஒட்டினாலே குழந்தை கற்பனையில் ஓட்டிக்கொள்ளும். தோளில் பட்டை மாட்டி அணிந்துகொள்ளும் பெட்டிக் கார் பார்க்க அழகு, ஆனால் மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம். கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் குப்புற விழுவார்கள்.

வண்ணம் பூசுவதில்தான் பலரும் எதிர்பாராமல் மாட்டுகிறார்கள். பழுப்பு அட்டை வண்ணத்தை உறிஞ்சி மங்கலாக்கிவிடும், முதலில் வெள்ளை அடித்து அதன்மேல் நிறம் அடிக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் அட்டை வளையும். காய்வதற்கு இடமும் வேண்டும், அந்த இடத்துக்குக் குழந்தை வராமலும் இருக்க வேண்டும். இவ்வளவு தலைவலிக்குப் பதில் பழுப்பை அப்படியே விட்டுவிடலாம். கறுப்பு மார்க்கரில் ஜன்னலும் கதவும் வரைந்து, கலர் பேப்பரில் விளக்கு ஒட்டினால் பழுப்பே ஒரு அழகு. வேலை பாதியாகும்.

தரையில் மாஸ்கிங் டேப்பால் சாலை போடுங்கள். ஒரு நேர்கோடு, ஒரு வளைவு, ஒரு நாற்சந்தி போதும். அன்றே உரித்துவிடுங்கள், நாள் பட்டால் பசை தரையில் தங்கும். மரத்தரை என்றால் மூலையில் ஒரு துண்டு ஒட்டிப் பார்த்த பிறகு போடுங்கள்.

இந்த வழியின் உண்மையான மறைசெலவு எண்ணிக்கை. பகிர்ந்துகொள்வது இந்த வயதில் இன்னும் வந்திருக்காது, இணை விளையாட்டு என்று மேலே சொன்னது இங்கேதான் கைகொடுக்கும். ஆறு குழந்தைகள் வந்தால் ஏழு பெட்டிகள் வேண்டும், அதுவும் ஏறத்தாழ ஒரே மாதிரி. ஒன்று சிவப்புத் தீயணைப்பு வண்டி, மற்றவை சாதாரண கார் என்று செய்தால் எல்லாருக்கும் சிவப்பு மட்டும்தான் வேண்டும். பதினைந்து குழந்தைகள் என்றால் பெட்டி சேர்ப்பதும் வெட்டுவதும் பெரிய வேலை, வைக்க அறையும் பத்தாது. இன்னொரு கஷ்டம், பெட்டியை மடக்கி ஒட்டி நிமிர்த்திவிட்டால் ஒளித்து வைக்க இடமிருக்காது. முன்கூட்டியே வெட்டி, ஓரத்துக்கு டேப் போட்டு, தட்டையாகவே வைத்திருந்து, அடிப்பக்கத்தைக் கடைசி இரவில் ஒட்டுங்கள்.

மிச்சத்தைப் பொறுத்தவரை இதற்கு ஈடில்லை. பிறந்தநாள் முடிந்தும் வாரக்கணக்கில் அந்தப் பெட்டி வண்டியாகவும் வீடாகவும் தொட்டிலாகவும் மாறிக்கொண்டே இருக்கும். வந்த குழந்தைகளிடம் அவரவர் பெட்டியைக் கொடுத்தனுப்பினால் ரிட்டர்ன் கிஃப்டும் தனியாக வாங்க வேண்டாம்.

எப்போது இது சரி: நன்றாக நடக்கத் தெரிந்த குழந்தை, ஏழெட்டுக் குழந்தைகளுக்கு மேல் இல்லை, தரையில் திறந்த இடம் உண்டு. மாடிப்படி திறந்திருக்கும் வீட்டில் படிவாசலை அடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

## நான்காவது வழி: பிடித்த கார்ட்டூன் பாத்திரம்

குழந்தை முகத்தில் வரும் சந்தோஷத்தை மட்டும் பார்த்தால் இது முந்திவிடும். தினமும் பார்க்கும் பாத்திரத்தைச் சுவரில் கண்டதும் விரலை நீட்டிக் கத்தும் இரண்டரை வயதுக் குழந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு வயதுக் குழந்தைக்கு இதில் ஒன்றுமில்லை. ஒரு வயதில் திரை வேண்டவே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது. குழந்தை பார்த்தே இராத பாத்திரத்தை வைத்து விழா நடத்துவது பெரியவர்களின் ஆசைதான்.

கையால் செய்ய நினைப்பவர்களுக்கு இது கடினமான வழியும்கூட. பூனை கொஞ்சம் கோணலாக வந்தாலும் பூனைதான், தெரிந்த பாத்திரத்தின் முகம் கோணினால் அது வேறு யாரோ. அதனால் பிரிண்ட் எடுக்கத் தோன்றும். பக்கம் முழுக்க நிறம் நிரம்பிய படங்கள் மையைக் குடித்துத் தீர்க்கும். பிறகு அந்தப் பாத்திரம் அச்சிட்ட தட்டு, தொப்பி, பை என்று ஒவ்வொன்றாகக் கூடையில் ஏறும். கடைசியில் கைவேலை விழா கடைவேலை விழாவாகிவிடும். இன்னொரு சிக்கல், குழந்தையின் பிரியம் எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதம் முன்பே செய்து வைத்தால் விழா நாளில் அது பழைய காதலாகியிருக்கலாம். ஆகவே முன்கூட்டிச் செய்யும் வசதி இந்த வழியில் குறைவு.

இதைச் சிக்கனமாக முடிக்க ஒரு வழி: முகத்தை விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் எடுங்கள். அந்தப் பாத்திரத்தின் சட்டை நிறம், தொப்பியின் வடிவம், மேலிருக்கும் புள்ளியோ கோடோ. அதை வைத்துத் தோரணமும் காதுப் பட்டையும் செய்து, நன்றாக அச்சடித்த ஒரே ஒரு படத்தை மட்டும் நடுவில் வைத்தால் போதும், குழந்தை கண்டுபிடித்துவிடும். பொம்மை ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அந்தப் படமும் தேவையில்லை.

எப்போது இது சரி: மூன்று வயதை நெருங்கிய குழந்தை, அதுவே வாய்விட்டுக் கேட்கிறது.

## ஒரே பார்வையில்

| | ஒரே நிறம் | விலங்குகள் | அட்டைப்பெட்டி வண்டி | கார்ட்டூன் |
|---|---|---|---|---|
| கைச்செலவு | குறைவு, சாயல் பொருத்தப் போனால் ஏறும் | குறைவு | மிகக் குறைவு | கட்டுப்பாடு இல்லாவிட்டால் அதிகம் |
| வேலை நேரம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | நடுத்தரம் |
| முன்கூட்டிச் செய்வது | முழுவதும் முடியும் | பெரும்பாலும் முடியும் | வெட்டி வைக்கலாம், ஒட்டுவது கடைசியில் | சில வாரம் முன்புதான் |
| கவனிக்க வேண்டிய ஆபத்து | பலூன், சாயம் | எலாஸ்டிக், குட்டிப் பொம்மை | பின், கூரான ஓரம், படிக்கட்டு | மின்னும், பாடும் பொருள்கள் |
| ஒரு வயதுக் குழந்தைக்கு | சுமார் | நன்று | தவழ்ந்தால் குகையாக்கலாம் | பயனில்லை |
| மூன்று வயதை நெருங்கினால் | சுமார் | நன்று | மிக நன்று | மிக நன்று |
| விருந்தினர் கூடினால் | வேலை அதிகரிக்காது | கொஞ்சம் கூடும் | நிறையக் கூடும் | கொஞ்சம் கூடும் |
| மிஞ்சுவது | தோரணம், வாளி | பொம்மைகள் | விளையாட்டு வண்டி | ஓரிரு படம் |

பட்டியலில் குகை என்று எழுதியிருப்பதற்கு ஒரு விளக்கம்: தவழும் குழந்தைக்குப் பெரிய பெட்டியின் இரு முனைகளையும் திறந்துவிட்டுச் சுரங்கமாக வைக்கலாம். ஒரு பெரியவரின் கை உள்ளே எட்டும் நீளத்துக்கு மேல் போக வேண்டாம்.

## இரண்டைக் கலக்கலாமா?

தாராளமாக. ஏழெட்டுப் பெட்டிகள் செய்ய முடியாது, ஆனால் வண்டி ஆசை விடவில்லை என்றால் ஒரே நிறத்தைச் சுவருக்கும் மேஜைக்கும் வைத்து, தரையில் டேப் சாலையும் வீட்டில் இருக்கும் பொம்மைக் கார்களும் போதும். விலங்குத் தீமோடு பெட்டி நன்றாகச் சேரும், காதும் வாலும் ஒட்டிய பெட்டி எந்த விலங்காகவும் ஆகும். மூன்று தீம்களைக் கலப்பது மட்டும் வேண்டாம், வாங்கும் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

எந்த வழியை எடுத்தாலும் விழாவை மதியத் தூக்கம் முடிந்த பிறகு வையுங்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதைக் கெடுத்து நடத்தும் விழாவில் எந்த அலங்காரமும் எடுபடாது. நேரம் சுருங்கினால் நீங்கள் செய்ய வேண்டிய பொருள்களும் தானாகச் சுருங்கும்.

நாள் நெருங்கியும் வேலை முடியவில்லை என்றால் எதை விடுவது என்ற வரிசையையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். முதலில் ரிட்டர்ன் கிஃப்ட் பையின் அலங்காரத்தை விடலாம். அப்புறம் காதுப் பட்டை, தொப்பி. அப்புறம் சுவர், அதில் தோரணம் ஒன்று இருந்தாலே போதும். வாளியும் பந்தும், பெட்டியும் சாலையும் மட்டும் எந்த நிலையிலும் கைவிடக் கூடாதவை. நேரம் இருக்கும்போதே அவற்றை முதலில் செய்து பரண் மேல் ஏற்றிவிடுங்கள்.